செதுக்காத பாறைக்கு யார் காவல்?

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்று தளவானூருக்கு வழி கேட்டால், "எந்தத் தளவானூர்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய தடுப்பணை 2021-இல் உடைந்து ஊர் பேர் சந்தி சிரித்ததே, அது வேறு தளவானூர். நாம் போக வேண்டியது செஞ்சிப் பக்கம். மண்டகப்பட்டுக்கு அருகே, கழனிகளுக்கு நடுவில் எழும்பி நிற்கும் ஒரு கல்மலை. ஊர்க்காரர்களுக்கு அது பஞ்சபாண்டவர் மலை. அதன் தெற்கு முகத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மலையூர்கள் என்றதும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று அடுக்குவோம். விழுப்புரம் மாவட்டத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன் மலையும் அந்தப் பக்கம் போய்விட்டது. மிஞ்சியவை செஞ்சியைச் சுற்றிய குன்றுகள்தாம். அவற்றில் பேர்பெற்ற ராஜகிரியின் உயரமே சுமார் 800 அடி. இங்கே பனிமூட்டம் கிடையாது, தேயிலை கிடையாது, தேனிலவுக்கு வருவோரும் கிடையாது. சித்திரை வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த பாறை, ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் செஞ்சி வட்டாரத்தில் பிறந்தவரைச் சமவெளிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மலைமேல் இல்லை, மலையடியில் வாழ்கிறவர்கள். வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதோ ஒரு குன்று எதிரே நிற்கும்.

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று செஞ்சி. சிவாஜி பிடித்த 1677 முதல் மொகலாயர் கைக்குப் போன 1698 வரை, இருபத்தோரு வருட மராட்டியக் கணக்கில் கிடைத்த பட்டம் இது. கோட்டையைத் தொடங்கிவைத்த கோன்களும், பெரிதாகக் கட்டிய நாயக்கர்களும், பீஜப்பூர்க்காரர்களும், பிரெஞ்சுக்காரர்களும், பத்து மாதம் ஆண்டு பாட்டில் நிலைத்துவிட்ட தேசிங்கு ராஜாவும் அதில் ஓசியில் ஏறிக்கொண்டார்கள். பரவாயில்லை, பட்டம் வந்ததே பெரிது.

அந்தச் செய்தி வந்த வாரம் எல்லாத் தொலைக்காட்சிகளும் ராஜகிரியைக் காட்டின. சரி, அந்த மலைகளோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மலை என்னவாக இருக்கிறது? அவர்களுக்கு அதில் பிடித்தது எது, பயம் எது?

மலை தருவது

பிடித்தவற்றைக் கேட்டால் முதலில் சொல்லத் தயங்குவார்கள். எதிரே நிற்கும் மலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்கிற மாதிரி. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வரும். வெள்ளாடு ஓட்டிப் போக இடம். காரைப்பழமும் சூரைப்பழமும் களாக்காயும், ஆவணி புரட்டாசியில் சீத்தாப்பழமும். கூடையில் பறித்துக்கொண்டு வந்து திருவண்ணாமலை சாலை ஓரத்தில் கூறு கட்டி வைத்தால் அன்றாடச் செலவுக்கு ஆயிற்று. பிறகு பாறை. மலையடியில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பாறையைப் போல ஒரு களம் சிமென்ட் போட்டாலும் அமையாது. மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கிக் காயவைத்தால் இரண்டே வெயிலில் உள்ளே கொட்டை கலகலவென்று ஆடும். கேழ்வரகு, கம்பு, மிளகாய் எல்லாவற்றுக்கும் அதுதான் களம். மழை வரும் போலிருந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

மழையை முன்கூட்டிச் சொல்வதும் மலைதான். எந்தக் குன்றின் தலையில் எந்தத் திசையிலிருந்து மேகம் இறங்கினால் மழை நிச்சயம் என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு உண்டு. வானிலை நிலையத்தோடு அது எப்போதும் ஒத்துப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்று விடுகிற நாளை இன்னும் பலர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

சாமியும் மலையில்தான். ராஜகிரியில் கமலக்கண்ணி அம்மன். சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த சன்னதிக்குள் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குப் புறப்பட்ட தேசிங்கு உத்தரவு கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இருபத்திரண்டு வயதில் தேசிங்கு மாண்டார் என்பது வரலாறு.

மற்றதெல்லாம் இருக்கட்டும், மலை தருவதில் முக்கியமானது தண்ணீர். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது படாது. மொட்டைப் பாறையில் என்ன தண்ணீர் என்று தோன்றும். மொட்டையாக இருப்பதால்தான் தண்ணீர். மண்மலை மழையைக் குடித்துவிடும். கல்மலை குடிக்காது. விழுந்த மழையில் பெரும்பங்கை அப்படியே வழித்துக் கீழே தள்ளிவிடும். அந்த ஓட்டத்தை மறித்துக் கரை போட்டால் ஏரி. செஞ்சிப் பகுதியில் மலையடிதோறும் ஏரி இருப்பது தற்செயல் இல்லை. பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்குகிற மிச்சத் தண்ணீர் மெல்ல நகர்ந்து கிணறுகளில் ஊற்றாக வரும். மலைமேலேயே பள்ளங்களில் தங்கினால் சுனை. இந்த மலைகளின் மேற்குச் சரிவில் பிறக்கிற சங்கராபரணி, தொண்டியாற்றோடு சேருகிற இடத்தில்தான் 1959-இல் வீடூர் அணை கட்டப்பட்டது. 32 அடி உயரமும் 605 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த அணையால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாகச் சுமார் 3,200 ஏக்கர் பாசனம் பெறுகிறது. புதுச்சேரிக்காரருக்குச் செஞ்சி மலை தூரத்து ஊர். ஆனால் இங்கே பெய்வதுதான் அங்கே ஆறாகப் போகிறது.

கோட்டை கட்டியவர்கள் இதைப் பிரமாதமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது, மதில் அடியில் அகழி வெட்டியது என்று எல்லோரும் வாய் பிளப்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சுனைகளைக் காத்து, செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் வெட்டி, சுட்ட மண்குழாய் வழியாகக் கல்யாண மகாலின் மாடிகள் வரை தண்ணீர் ஏற்றினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690 முதல் எட்டு வருடம் முற்றுகையிட்டும் மராட்டிய அரசன் ராஜாராமின் ஆட்கள் உள்ளே தாக்குப்பிடித்தார்கள். தண்ணீர் இல்லாத மலையில் எட்டு வாரம்கூட முடியாது.

உருளும் கல், உடைக்கும் கல்

செஞ்சி மலைகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி: இந்த உருண்டைப் பாறைகளை யார் அடுக்கினார்கள்? யாரும் அடுக்கவில்லை. சுமார் 250 கோடி வயதுள்ள கருங்கல் இது. பூமிக்கடியில் இருந்தபோதே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டது. அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, கட்டத்தின் மூலைகளையும் ஓரங்களையும் முதலில் இளக்கியது. நடுவே இளகாத கல் உருண்டையாக நின்றது. இளகிய மண்ணை மழை கழுவிக்கொண்டு போனபின் மிஞ்சியதுதான் நாம் பார்க்கிற பாறை மேல் பாறை. வீடு அளவுக் கல் ஒன்று இன்னொரு கல்லின் முனையில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருக்கும். தாத்தா காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது என்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் அதன் கீழே வீடு கட்டியிருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 1 அந்தத் தைரியத்தை அசைத்துவிட்டது. முந்தைய இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. புயல் நகராமல் நின்று கொட்டியது. மேற்கே, செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருவண்ணாமலையில், தீப மலையின் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வயநாட்டில் நடந்த நிலச்சரிவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அது மலையாளத்து மலை, நம்முடைய மலை கல்மலை என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு, அந்தச் சமாதானம் நான்கு மாதம்தான் தாங்கியது. கார்த்திகை தீபத்துக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிற மலையே இறங்கி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

செஞ்சிக் குன்றுகளில் மண்போர்வை மெலிது. ஆகவே திருவண்ணாமலையில் நடந்ததே அச்சாக இங்கே நடக்கும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் உருண்டைப் பாறையை நிறுத்திவைத்திருப்பது அதன் அடியில் இருக்கிற கொஞ்சம் இளகிய கல்லும், வேரோடிய செடிகொடியும்தான். அடியைத் தோண்டினாலோ, தண்ணீர் ஓடிய பழைய தாரையை அடைத்து வீடு கட்டினாலோ நிலைமை மாறிவிடும். ஒரே நாளில் அரை மீட்டர் மழை பெய்கிற காலம் வந்துவிட்ட பிறகு, தாத்தா காலத்து அனுபவத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது.

இது வருடத்தில் இரண்டு நாள் பயம். தினப்படிப் பயம் வேறு. குரங்கு, மயில், காட்டுப்பன்றி. கோட்டைக் குரங்குகள் சுற்றுலாப் பயணியின் கைப்பையைப் பிடுங்குவது வேடிக்கைப் படம். விதைத்த மல்லாட்டையை மயில் வரிசையாகக் கிளறித் தின்பது விவசாயிக்கு வேடிக்கை இல்லை. தேசியப் பறவை என்பதால் கல் எடுக்கவும் கை கூசும். இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாடு முழுக்க உள்ள கதைதான்.

இவை எல்லாவற்றையும் ஓரம் தள்ளுகிற பெரிய கவலை, கல்குவாரி.

மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு கல்வெட்டு வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக அதில் பெருமைப்படுகிறான். இன்று சென்னையிலும் புதுச்சேரியிலும் எழும்புகிற கட்டடங்களுக்கு அவன் வேண்டாமென்ற நான்கும் வேண்டும், அவன் குடைந்த கல்லும் வேண்டும், ஆனால் பொடியாக வேண்டும். ஆற்று மணலுக்குக் கெடுபிடி ஏறியபின் எம்-சாண்டுக்கு மவுசு வந்தது. எம்-சாண்ட் என்பது அரைத்த மலைதான். முக்கால் இஞ்ச் ஜல்லி, அரை இஞ்ச் ஜல்லி, சிப்ஸ், எம்-சாண்ட் என்று ஒரு குன்று பல பெயர்களில் டிப்பர் ஏறுகிறது.

குவாரி பற்றிப் பேசும்போது தூசி, வெடிச்சத்தம், சுவர் விரிசல், சாலைக் குழி என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் உண்மைதான். மல்லாட்டை இலையில் வெள்ளையாகப் படிகிற தூசியை விரலால் வழிக்கலாம். ஆனால் நீண்ட நாள் கேடு கண்ணுக்குத் தெரியாதது. குவாரிக் குழி கிணறுகளின் ஊற்றுமட்டத்துக்கும் கீழே போகும்போது, பாறை வெடிப்புகளில் ஓடுகிற தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து சேரும். கல் எடுக்க வேண்டுமே, மோட்டார் வைத்து அதை வெளியே இறைத்துவிடுவார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஊற்று அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும். கிணறு வற்றியதற்கு மழை இல்லை என்று பழி போகும். வேலை முடிந்து கைவிட்டுப் போனபின் அதே குழி பச்சைத் தண்ணீரோடு கிடக்கும். அதில் குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் ஆண்டு தவறுவதில்லை.

வேலை கிடைக்கிறதே என்று சொல்கிறவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். அதையும் தள்ளிவிட முடியாது. மானாவாரி ஒரு போகத்தை நம்பிய குடும்பத்துக்கு வாரச் சம்பளம் சாதாரண விஷயம் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் குவாரியை எதிர்த்து மனு கொடுக்க, தம்பி அங்கே கம்ப்ரஷர் ஓட்டுவது நடக்கக்கூடியதுதான்.

இரண்டு 300 மீட்டர்

சட்டம் என்ன சொல்கிறது? குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிம விதி. தொல்லியல் துறை காக்கிற நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 1992 ஜூன் மாத அறிவிக்கை ஒன்று வந்தது. சுரங்கம், கட்டடம் இரண்டுக்கும் அது பொருந்தும். 2010-இல் அது சட்டமாகவே இறுகியது. இங்கும் கூட்டினால் 300 மீட்டர். முதல் 300 வீட்டைக் குவாரியிடமிருந்து காக்கிறது. இரண்டாவது 300 நினைவுச்சின்னத்தை வீட்டிடமிருந்தும் காக்கிறது. கோட்டை ஓரம் ஓட்டை மாற்றி மெத்தை போட நினைக்கிறவர், பிள்ளைக்குக் கல்யாணம் என்று ஓர் அறை கூட்ட நினைக்கிறவர், இந்த இரண்டாவது 300-இல் மாட்டிக்கொள்கிறார். உலகப் பட்டியலில் ஏறியபிறகு இது இன்னும் இறுகுமோ என்கிற கவலை செஞ்சியில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இவர்களுக்கு அனுமதி கிடைக்கிற வழியை எளிதாக்கினால் கோட்டைக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கட்சி. வாழ்கிறவர்களை எரிச்சல்படுத்தி எந்தக் கோட்டையையும் காப்பாற்ற முடியாது.

ஆனால் தளவானூரில் நின்று பார்த்தால் இந்த விதியின் மறுபக்கம் தெரியும். குகையின் முகப்பில் இரண்டு தூண்களுக்கு மேலே மகரங்கள் வாய் திறந்து தோரணம் உமிழ்கின்றன. மேலே கூடுகளுக்குள்ளிருந்து கந்தர்வ முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. இரு ஓரங்களிலும் வாயில்காவலர்கள். இந்த இடத்துக்கு அக்காலத்தில் வெண்பேடு என்று பெயர் இருந்ததையும், அதன் தென்புறத்தில் அரசன் மகிழ்ந்து இந்தக் கோயிலை எடுத்ததையும் ஒரு தமிழ்ப்பாட்டு கல்லில் சொல்கிறது. பாடியவன் செல்லன் சிவதாசன் என்று பெயரும் வெட்டியிருக்கிறது. அரசன் நினைத்தது சிவனுக்கு ஓர் இடம். நடந்ததோ, ஆயிரத்து நானூறு வருடம் கழித்து இந்த மலைக்கே அது பட்டாவாகிவிட்டது. இந்த உளி படாமல் போயிருந்தால் இது ஓர் எண்ணோடு ஏலத்துக்கு வந்திருக்கக்கூடிய இன்னொரு பாறை.

திருநாதர்குன்றும் அப்படித்தான் பிழைத்தது. செஞ்சிக்கு வடக்கே சிறுகடம்பூரில், பெரும் பாறை ஒன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. 'ஐ' என்ற எழுத்து முதலில் தென்படுவது அதில்தான் என்று எழுத்தியல் படித்தவர்கள் கொண்டாடுவார்கள். அந்தக் குன்றில் கை வைக்க இன்று யாருக்கும் துணிவு வராது.

கவனியுங்கள், காப்பாற்றப்பட்டவை எல்லாம் செதுக்கிய பாறைகள். அரசனோ முனிவரோ தொட்ட பாறைகள். ஆடு மேய்ந்த பாறைக்கும், மல்லாட்டை காய்ந்த பாறைக்கும், ஏரிக்குத் தண்ணீர் தள்ளிய பாறைக்கும் அப்படி ஒரு காவல் கிடையாது. கிராமக் கணக்கில் அவற்றின் பெயர் கல்லாங்குத்து, அரசுப் புறம்போக்கு. மக்களுக்குப் பிரியமான மலையும், அரசு காக்கிற மலையும் வேறு வேறாக இருப்பதுதான் செஞ்சியின் சங்கடம். உலகப் பாரம்பரியப் பட்டம் இந்தச் சங்கடத்தைத் தீர்க்காது, கூட்டவே செய்யும். கோட்டைக்கு வருகிற சாலை அகலமாகும், விடுதிகள் எழும்பும், அவற்றுக்கு ஜல்லி அடுத்த குன்றிலிருந்து வரும்.

இங்குள்ள காடு காப்புக்காடு ஆயிற்றே, அதற்குப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்கலாம். தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு போன்றவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு விதி போட்டது. ஓராண்டு கழித்து, 2022 டிசம்பரில், அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகளை மட்டும் எடுத்துவிட்டது. செஞ்சியில் தேசியப் பூங்கா இல்லை, சரணாலயம் இல்லை. இருப்பது காப்புக்காடுதான். அந்தத் திருத்தம் யாரை எங்கே தொட்டது என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செதுக்காத பாறையிலும் சரித்திரம் இருக்கிறது என்பதற்கு ஆலம்பூண்டிப் பக்கத்துச் செத்தவரை சாட்சி. அங்கே பாறைக்குடையின் நிழலில் ஆதிமனிதர் வரைந்த விலங்கு உருவங்கள் உள்ளன. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியில் கீழ்வாலையிலும் அப்படி உண்டு. யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்ததால் அவை தெரிய வந்தன. நிமிர்ந்து பார்க்காமல் வெடி வைத்த பாறைகளில் என்ன இருந்தது என்று இனித் தேட வழியில்லை.

வழி இருக்கிறதா? மதுரை அரிட்டாபட்டியில் இருந்தது. அங்கே குடைவரையும் சமணத் தடயங்களும் உண்டு. ஆனால் மக்கள் அதோடு நிற்கவில்லை. தங்கள் மலைகளில் என்ன பறவை, எத்தனை சுனை, எந்த ஏரிக்கு எந்த மலைத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கணக்கில் வைத்தார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மதுரைக்கு நடந்தார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் ஓர் இடத்தை இப்படி அறிவிக்க, அங்கே பல்லவன் உளி பட்டிருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. உயிரும் நீரும் இருந்தால் போதும். செஞ்சியில் அதற்குத் தகுதியான இடம் தேட வேண்டுமென்றால் பாக்கமலைக் காட்டிலிருந்து தொடங்கலாம்.

அதற்கு முன்னால் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு, செலவும் இல்லை. உங்கள் ஊர்க் குன்று எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அ-பதிவேட்டில் அது என்னவாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அரசின் நில ஆவண இணையதளத்தில் எண்ணைப் போட்டால் வரும், இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் கேட்கலாம். அதன் அடியில் எந்த ஏரி, எத்தனை கிணறு என்பதையும் சேர்த்து எழுதி, அடுத்த கிராம சபையில் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏல அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வந்தபின் இதைச் செய்ய நேரம் இருக்காது.